மடியில் முடிந்து கொண்டு போகக் கூடிய கணினி

"ஓடும்போது எதை எடுத்தீர்கள்?" என்று இடம்பெயர்ந்த குடும்பங்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: பிள்ளைகள், அடையாள அட்டை, கைக்கு எட்டியிருந்தால் காணி அனுமதிப்பத்திரம். எட்டாதவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். தமது வயலைத் தமதென்று நிரூபிக்கக் கந்தோர் கந்தோராக அலைந்தவர்கள் எம்மிடையே எத்தனை பேர்!

இந்தப் பாடத்தை எமது சங்கங்கள் மறந்துவிட்டனவோ என்று எண்ணத் தோன்றுகிறது. அங்கத்தவர் பட்டியல், வயற்காணி விபரம், கடன் கணக்கு எல்லாம் ஒரே மேசையில் உள்ள ஒரே கணினியில் கிடந்தால் என்னவாகும்? மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும் நாட்களில் சவளக்கடையில் இருப்பவர் கல்முனைக்குப் போவது எப்படி? கணக்கு அக்கரையில், தேவை இக்கரையில்.

மறுபுறம், நல்ல கணினிகள் மூலையில் தூசி பிடிக்கின்றன. வின்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றதால் பழைய இயந்திரங்கள் பல "இனி உதவாது" என்று ஒதுக்கப்படுகின்றன. ஹார்ட் டிஸ்க் பழுதானால் கதை முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை என்பதே எமது கருத்து.

ஹார்ட் டிஸ்க்கை நெற்களஞ்சியம் என்றும், கணினியின் நினைவகத்தைச் சூடடிக்கும் களம் என்றும் வைத்துக்கொள்வோம். வழமையான கணினி, களஞ்சியத்திலிருந்து வேண்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களத்துக்கு இழுத்து வேலை செய்யும். களஞ்சியம் இடிந்தால் வேலை நிற்கும். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பரி கௌலர் 2003 இல் வெளியிட்ட 'பப்பி லினக்ஸ்' வேறு விதமானது. அதன் அளவு சில நூறு மெகாபைட் மட்டுமே. பென் டிரைவிலிருந்து அது தன்னை முழுதாக நினைவகத்துக்கு ஏற்றிக்கொள்ளும். ஆகவே ஹார்ட் டிஸ்க் இல்லாத கணினியிலும் இயங்கும். பழைய இயந்திரத்திலும் சுறுசுறுப்பாக இயங்கும். இரவல் கணினியில் செருகினாலும், நாமாகத் தொடாத வரை சொந்தக்காரரின் கோப்புகள் அப்படியே இருக்கும். கடிதம் எழுதவும் கணக்கு அட்டவணை போடவும் வேண்டியவை அதனுள்ளேயே உண்டு. விலை கிடையாது.

இலவச மென்பொருள் எமக்கு அந்நியமானதுமல்ல. 2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின், காணாமற்போனோரையும் முகாம்களில் இருந்தோரையும் பதிவு செய்ய இலங்கைத் தொண்டர்கள் ஆக்கிய 'சஹானா' என்ற மென்பொருள் யாவருக்கும் இலவசமாக விடப்பட்டது. 2005 இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும் அது பயன்பட்டது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. களத்தில் கிடக்கும் நெல்லை மழைக்கு முன் அள்ள வேண்டும். அதுபோல நினைவகத்தில் உள்ள வேலை, சேமிக்குமுன் மின்சாரம் நின்றால் அழிந்துவிடும். முதன்முறை நிறுத்தும்போது, சேமிக்கவா என்று பப்பி கேட்கும். 'ஆம்' என்று சொல்லி பென் டிரைவில் சேமிக்க வேண்டும். தமிழ் எழுத்துருவைத் தனியாகச் சேர்க்க வேண்டி வரலாம். பப்பியைப் பதியும்போது பென் டிரைவில் ஏற்கனவே உள்ளவை பொதுவாக அழிந்துவிடும். நினைவகம் குறைந்த இயந்திரத்தில் பெரிய இணையப் பக்கங்கள் திணறும். பென் டிரைவ் தொலையும், பழுதாகும், பிறர் கையிலும் அகப்படும். ஆகவே விபரங்களைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்ட வேண்டும்.

"கமக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்கக் கூடும். உர மானியமோ வெள்ள நட்டஈடோ வரும்போது முதலில் கேட்கப்படுவது பட்டியல். அந்தப் பட்டியல் ஒருவர் கையில் மட்டும் இருந்தால், மற்றவர்கள் அவர் வாசலில் காத்து நிற்க வேண்டும். கேள்வி கணினியைப் பற்றியதல்ல. எமது விபரம் யார் கையில் இருக்கிறது என்பதே.

எனவே தொண்டர் நிறுவனங்களிடம் புதிய கணினி கேட்குமுன், சங்கங்கள் இரண்டு பென் டிரைவ் வாங்கட்டும். ஒன்று வட்டை விதானையிடமும் மற்றையது மாதர் சங்கத்திடமும் இருக்கட்டும். ஒவ்வொரு போகத்தின் முடிவிலும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எமது இளைஞர் இருவருக்கு, ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும், இதைப் பழக்குவோம். குடும்பங்களும் காணிப் பத்திரத்தைப் படம் பிடித்து அதில் வைக்கலாம். படம் அசலுக்கு ஈடாகாது. ஆனால் பத்திரத்தின் இலக்கமும் திகதியும் தெரிந்தால் பிரதி தேடுவது எளிது. அசலைப் பொலித்தீன் உறையிலிட்டுப் பத்திரப்படுத்துவதை ஒருபோதும் கைவிட வேண்டாம்.

இன்னொரு முறை எழுந்து ஓட வேண்டிய நாள் வரக் கூடாது. வந்தால், எமது கணக்கும் எம்முடன் வர வேண்டும்.