முழங்கைக்கு ரெஸ்ட் மட்டும் போதாது

போன செமஸ்டரில் ஒரு நாள் காலையில் பல் தேய்க்க பிரஷ்ஷை எடுத்தேன். முழங்கையின் வெளிப்பக்கம் சுரீர்னு ஒரு வலி. டூத் பிரஷ் என்ன பெரிய வெயிட்டா? ரூம்மேட் விழுந்து விழுந்து சிரித்தான்.

காரணம் தேட வேண்டிய அவசியமே இல்ல. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் பேட்மின்டன், ராத்திரி மவுஸைப் பிடித்துக்கொண்டு சாலிட்வொர்க்ஸ், நடுவில் ரெக்கார்ட் நோட் எழுதும் படலம். இதற்குப் பேர் டென்னிஸ் எல்போ. நான் டென்னிஸ் ராக்கெட்டைத் தொட்டதே கிடையாது. இந்த வலி வருகிறவர்களில் பெரும்பாலானவங்க அப்படித்தான். மணிக்கட்டை மேல்பக்கமாக மடக்கும் தசைகள் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் போய் ஒட்டியிருக்கு. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் அந்தச் சின்ன இடத்தில்தான் இழுவை.

கேட்டவங்க எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தை, "ரெஸ்ட் எடு." சோனல் மேட்ச்சுக்குப் பத்து நாள் இருக்கும்போது எப்படி எடுக்கிறது? ஒரு கிளினிக்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். மேஜிக் மாதிரி வலி போச்சு. ஆடினேன், செமி ஃபைனல் வரை போனோம். ரெண்டு மாசத்தில் வலி திரும்பி வந்தது, இந்தத் தடவை பேனா பிடிக்கக்கூட முடியாத அளவுக்கு.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன் (இதை முதலிலேயே செய்திருக்கணும்). 2006-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த ஒரு ஆய்வு வந்திருக்கு. 198 பேர், மூணு குரூப். ஒரு குரூப்புக்கு ஊசி, ஒண்ணுக்கு பிசியோதெரபி, ஒண்ணுக்கு 'பொறுத்துப் பார்க்கலாம்'. ஆறாவது வாரத்தில் ஊசி குரூப்தான் ஃபர்ஸ்ட். ஆனா ஊசியால் தேறினவங்களில் 72 சதவீதம் பேருக்குப் பின்னாடி வலி திரும்பியிருக்கு. என் கதையேதான். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பிசியோ குரூப்பும் பொறுத்துப் பார்த்த குரூப்பும் ஏறக்குறைய ஒரே நிலைமைதான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிசியோவின் லாபம், அந்த முதல் சில வாரங்கள் சீக்கிரம் தேறுவது. நமக்கு ஒரு செமஸ்டரே அந்தச் சில வாரங்கள்தானே!

சரி, ஏன் ரெஸ்ட் மட்டும் போதாது? ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் படித்த நமக்கு ஃபெட்டீக் தெரியும். சின்ன லோடையே லட்சம் தடவை கொடுத்தால் ஸ்டீலும் விரிசல் விடும். தசைநாரும் அப்படித்தான் கெடுது. வித்தியாசம் என்னன்னா, ஸ்டீல் தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்காது, தசைநார் பண்ணிக்கும். அந்த ரிப்பேர் ஒழுங்காக நடக்க அதுக்கு அளவான லோடு தேவை. சும்மா மாதக்கணக்கில் கையைத் தொங்கப் போட்டால் அது இன்னும் வீக் ஆகிடும். பழையபடி ராக்கெட்டை எடுத்த முதல் நாளே வலி.

எனக்குப் பிசியோதெரபிஸ்ட் அக்கா கொடுத்த கருவி அரை லிட்டர் வாட்டர் பாட்டில். முன்கையை மேஜை மேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்கிற மாதிரி, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே. இன்னொரு கையால் பாட்டிலை மேலே தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் அஞ்சு எண்ணி மெதுவா இறக்கணும். பதினைந்து தடவை, மூணு செட். செய்யும்போது லேசா வலிக்கலாம், மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் லோடைக் குறைக்கணும். இவ்வளவுதான். பயங்கர போர். மூணு வாரம் ஒரு மாற்றமும் தெரியலை, விட்டுடலாமான்னு தோணுச்சு. எட்டாவது வாரம் வாளியைத் தூக்கினேன், வலி இல்ல. (விரல் மரத்துப் போனாலோ, கீழே விழுந்து வந்த வலி என்றாலோ பாட்டில் வேலைக்கு ஆகாது, டாக்டரைப் பாருங்க.)

இதை நான் மெஸ்ஸில் உட்கார்ந்து செய்ததை பரோட்டா போடுற அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, எனக்கும் அதே இடம்தான். ரெண்டு வருஷமா தைலம் தேய்க்கிறேன்," என்றார். மாவைப் பிசைந்து, வீசி, அடித்து, தினமும் நானூறு பரோட்டா. அவரிடம் போய் ரெஸ்ட் எடுங்கண்ணேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. லீவு போட்டால் அன்னைக்குச் சம்பளம் கிடையாது. ரெஸ்ட் என்கிற மருந்தை வாங்கவும் காசு வேணும்.

இதனால்தான் கேட்கிறேன். நம்ம ஹெல்த் சென்டருக்கு வாரம் ரெண்டு நாள் டாக்டர் வர்றார், வலி என்று போனால் மாத்திரையும் ஸ்ப்ரேயும் கிடைக்குது. வாரம் ஒரு நாள் மதியம், ரெண்டு மணி நேரம், ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தால் என்ன? ஸ்டூடன்ட்ஸுக்கு மட்டுமில்ல, மெஸ் அண்ணன்கள், வொர்க்‌ஷாப்பில் நாள் முழுக்க ஃபைல் பிடிக்கிற டெக்னீஷியன் சார், துணி துவைக்கிற அக்காக்கள் எல்லாருக்கும். நாலு டம்பெல், ஒரு மேஜை போதும். கையெழுத்து போட ஒரு தாளை மெஸ் வாசலில் ஒட்டியிருக்கேன். முதல் கையெழுத்து பரோட்டா அண்ணனுடையது, இடது கையில் போட்டார்.