கையும் கருவியும்: கராஜில் ஒரு கிற்றார்

சென்ற இதழில் பழைய சாப்பாட்டு மேசையைச் சீவிப் புதுப்பிக்கும் விதம் பற்றி எழுதியிருந்தோம். அந்த மேசையில் மிஞ்சிய பலகைதான் இம்மாதக் கட்டுரைக்குக் காரணம். கிரான்பர்னில் எங்கள் வாடகை வீட்டுக் கராஜில் அது சுவரோடு சாத்திக் கிடந்தது. அதைத் தட்டிப் பார்த்த மூத்த மகன், "அப்பா, இதிலை ஒரு எலெக்ட்ரிக் கிற்றார் செய்யலாமோ?" என்று கேட்டான். அவனுக்கு வயது 13.

பள்ளிக்கூடத்தால் வந்ததும் அறைக் கதவைச் சாத்துகிற பிள்ளை. ஏதும் கேட்டால் ஒரு சொல்லில் பதில். நாங்கள் இரவு ஷிப்ட் முடிந்து வரும் நேரம் அவன் பள்ளிக்கூடம் புறப்படும் நேரம். அப்படியானவன் தானாக வந்து கேட்டபோது, "படிக்கிற வேலையைப் பார்" என்ற சொல் வாய்வரை வந்தது. ஏனோ விழுங்கிவிட்டோம். எங்களைப் போல வீட்டில் வளர்ந்த பிள்ளை வைத்திருக்கிற பெற்றோருக்காகவே இதை எழுதுகிறோம்.

கிற்றார் என்பது கடையில் வாங்கும் சாமான், வீட்டில் செய்யும் சாமான் அல்ல என்று நாங்களும் நினைத்திருந்தோம். மகன்தான் ஒரு கதை சொன்னான். 1963 ஆகஸ்ட் மாதம், லண்டனுக்கு மேற்கே ஃபெல்தம் என்ற புறநகரில், பிறையன் மே என்ற 16 வயதுப் பையன் கிற்றார் வேண்டும் என்று ஆசைப்பட்டான். பெயர்பெற்ற அமெரிக்கக் கிற்றார் வாங்க வீட்டில் வசதியில்லை. தந்தை ஹரல்ட் மின்னியல் வேலை தெரிந்தவர். "நாங்களே செய்வோம்" என்று இருவரும் தொடங்கினார்கள்.

கழுத்துக்கு, யாரோ கழித்துவிட்ட பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மஹோகனி மரம். அதில் பூச்சி அரித்த துளைகளை நெருப்புக் குச்சியால் அடைத்தார்கள். உடலின் நடுவுக்கு ஒரு பழைய ஓக் மேசைப் பலகை. கழுத்தில் பதித்த வெள்ளைப் புள்ளிகள் தாயாரின் தையல் பெட்டியில் இருந்த சிப்பிப் பொத்தான்கள். சுருதியை அசைக்கும் கைபிடியின் நுனி ஒரு பின்னல் ஊசி. அதன் சுருள்வில்கள் 1928 ஆம் ஆண்டுப் பான்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். ஏறத்தாழ இரண்டு வருட வேலை. பின்னர் அந்தப் பையன் குயீன் இசைக் குழுவில் உலகெங்கும் வாசித்தது அதே கிற்றாரைத்தான். 2002 இல் இங்கிலாந்து அரண்மனைக் கூரையில் நின்று வாசித்தபோதும் அதுவே கையில் இருந்தது.

இது எப்படிச் சாத்தியம்? சாதாரணக் கிற்றாருக்கு உள்ளே கூடான பெட்டி வேண்டும். மரம்தான் ஒலியைப் பெருக்குகிறது. அதை வளைத்து ஒட்டுவது தேர்ந்தவர் வேலை. எலெக்ட்ரிக் கிற்றாருக்குப் பெட்டி தேவையில்லை. உருக்குத் தந்தி அதிரும்போது அதன் கீழே உள்ள காந்தத்தின் புலம் குலைகிறது. காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அதை அம்பிளிபயர் பெருக்குகிறது. இந்தக் காந்தச் சுருளுக்கே பிக்கப் என்று பெயர். நைலோன் தந்தி இதற்குச் சரிவராது. அமெரிக்காவில் லெஸ் போல் என்ற கலைஞர் 1940 அளவில் நாலங்குலச் சதுரப் பைன் கட்டையில் தந்தி கட்டியே இதைக் காட்டினார்.

லியோ ஃபென்டர் என்பவர் கலிபோர்னியாவில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிற்றார் வாசிக்கவே தெரியாது. அவர்தான் 1950 இல் கட்டைப் பலகையில் உடலை அறுத்து, கழுத்தைத் தனியே செய்து திருகாணியால் பூட்டும் கிற்றாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருடமே 34 அங்குலத் தந்தி நீளமுள்ள பேஸ் கிற்றாரும் வந்தது. வீட்டில் செய்பவர்களுக்கு இந்த முறைதான் நல்லது. கழுத்து பிழைத்தால் கழுத்தை மட்டும் மாற்றலாம்.

எங்கள் மெல்பேர்ணிலும் இத்தொழில் ஒரு தச்சு வாத்தியாரிடமிருந்துதான் வளர்ந்தது. பில் மே என்பவர் ஜாஸ் வாசித்தவர், மரவேலை கற்பித்தவர். 1940களின் தொடக்கத்தில் வாத்தியங்கள் செய்தும் திருத்தியும் கொடுத்தார். 1946 இல் மரவேலை மெசின்கள் தெரிந்த அண்ணன் றெஜ்ஜைச் சேர்த்துக்கொண்டு கம்பனி தொடங்கினார். 'மே', 'டோன்' என்ற இரண்டு சொல்லையும் இணைத்ததே மேட்டன் என்ற பெயர். இந்நாட்டு மரங்களான குயின்ஸ்லாந்து மேப்பிள், பிளக்வூட், பன்யா ஆகியவற்றில் நல்ல கிற்றார் செய்யலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். 1963 இல் பீட்டில்ஸ் ஜோர்ஜ் ஹரிசன்கூட சிலகாலம் ஒரு மேட்டன் எலெக்ட்ரிக் கிற்றார் வாசித்தார். இன்று அந்தத் தொழிற்சாலை பொக்ஸ் ஹில்லில் இருக்கிறது.

இனி எங்கள் கராஜுக்கு வருவோம். மேசைப் பலகை 22 மில்லிமீற்றர் தடிப்பு. இரண்டைச் சேர்த்து ஒட்டியதும் 44 ஆயிற்று. உடலுக்கு அதுவே அளவு. கழுத்துக்கு நன்கு காய்ந்த குயின்ஸ்லாந்து மேப்பிள் வாங்கினோம். ஈரமரம் கழுத்துக்கு ஆகாது, பின்னர் முறுகும். பிக்கப், முறுக்காணி, குதிரை ஆகியவற்றை முதல் முறை வாங்கிப் போடுவதே புத்தி. பிறையன் மேயும் பிக்கப்பைத் தானே சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கடையில்தான் வாங்கினார்.

உடலின் வடிவம் கொஞ்சம் கோணினால் ஒன்றும் குடிமுழுகாது. பொலிஷ் திட்டுத்திட்டாக இருந்தாலும் பாட்டுக் கெடாது. ஆனால் கழுத்தில் மெட்டுக்கள் நிற்கும் இடம் பிழைத்தால் எல்லாம் பிழை. எங்கள் ஊர் வீணையிலும் மெட்டு உண்டு. பலா மரத்தில் செய்யும் தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுக்களை மெழுகில் நிறுத்தி, காதால் கேட்டுக் கேட்டுச் சரிசெய்வார்கள். மேளம் கட்டுதல் என்று அதைச் சொல்வார்கள். மெழுகு இளகினால் திரும்பக் கட்டலாம். கிற்றாரில் அந்த மன்னிப்பு இல்லை. வாளால் அறுத்த பள்ளத்தில் மெட்டை அடித்து இறுக்கிவிட்டால் அது அங்கேதான்.

இடத்தைக் கண்டுபிடிக்கக் காது வேண்டாம், கணக்குப் போதும். தந்தி முதலில் தங்கும் மேருவிலிருந்து குதிரை வரையுள்ள நீளத்தை 17.817 ஆல் வகுக்க வேண்டும். வருவது முதலாம் மெட்டின் தூரம். மிஞ்சிய நீளத்தை அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டு. 648 மில்லிமீற்றர் கிற்றாருக்கு முதல் மெட்டு 36.37 இல், இரண்டாவது 70.70 இல், மூன்றாவது 103.10 இல் வரும். 12ஆவது மெட்டு சரி பாதியான 324 இல் நிற்கும். 864 மில்லிமீற்றர் பேஸுக்கு முதல் மெட்டு 48.49 இல், 12ஆவது 432 இல். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எங்களுக்கே விளங்குகிற கணக்கு.

விளங்கியும் பிழைவிட்டோம். ஒரு மெட்டைக் கீறி, அதிலிருந்து அடுத்ததை அளந்து, அதிலிருந்து மற்றதை அளந்து கொண்டு போனோம். பக்டரியில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே அளந்து தள்ளுகிற பழக்கம். பள்ளம் எல்லாம் அறுத்து முடித்த பிறகு மகன் நீள அடிமட்டத்தை வைத்துப் பார்த்தான். 12ஆவது மெட்டு 326.4 இல் நின்றது.

"அப்பா, ஒவ்வொன்றிலையும் 0.2 கூடியிருக்கு. பன்னிரண்டு தரம்."

இரண்டு சனிக்கிழமை வேலை குப்பைக்குப் போயிற்று. கோபம் வந்தது, அவனில் அல்ல. ஒவ்வொரு நாளும் அளக்கிற தொழிலையே செய்கிற ஆளுக்கு, 13 வயதுப் பிள்ளை பிழை காட்டுவதா என்ற வெட்கம். அவன் ஒன்றும் சிரிக்கவில்லை. மற்றப் பலகையை எடுத்து வைத்து, எல்லாத் தூரங்களையும் மேருவிலிருந்தே கூட்டி ஒரு தாளில் எழுதி நீட்டினான். நாங்கள் கீறினோம், அவன் வாசித்தான். ஒரே தொடக்கத்திலிருந்து அளந்தால் ஒரு கோட்டின் பிழை மற்றக் கோட்டில் ஏறாது. இந்த வேலையில் நாங்கள் படித்த பெரிய பாடம் இதுதான்.

தந்தி பூட்டும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். ஆறு தந்திகளும் சுருதிக்கு வந்ததும் கழுத்தை இழுக்கும் பாரம் சுமார் 45 கிலோ. ஊரில் ஒரு சீமெந்துப் பை 50 கிலோ. நாலு தந்திப் பேஸில் இழுவை ஏறத்தாழ 80 கிலோ. ஆகவே கழுத்தின் உள்ளே நீளப் பள்ளம் எடுத்து, முறுக்கிச் சரிசெய்யக்கூடிய இரும்புக் கோல் ஒன்றைப் பதிக்க வேண்டும். மெட்டுப் பலகையை ஒட்டுவதற்கு முன் பதிக்க வேண்டும். பலர் மறப்பது இதையே.

புதிதாக வந்த குடும்பங்களுக்குச் சில எச்சரிக்கைகள். மரத்தூள் நெஞ்சுக்குக் கூடாது, புற்றுநோய்க்கும் காரணமாகும். பிளக்வூட் தூள் சிலருக்குச் சுவாசத்திலும் தோலிலும் ஒவ்வாமை தரும். பி2 முகமூடி போடாமல் மெசின் பிடிக்க வேண்டாம். விக்டோரியாவில் அயல்வீட்டுக்குக் கேட்கும்படி மின்கருவி பாவிக்கக் கூடாத நேரம் சட்டத்தில் உண்டு. வார நாளில் காலை 7 மணிக்கு முன்னும் இரவு 8 மணிக்குப் பின்னும், சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் காலை 9 மணிக்கு முன்னும் இரவு 8 மணிக்குப் பின்னும் பாவிக்கக் கூடாது. கிற்றாரின் உள்ளே ஓடும் மின்னோட்டம் மிகச் சிறிது, ஆபத்தில்லை. அம்பிளிபயர் வேறு. அதைக் கழற்றிப் பார்க்க வேண்டாம், பிளக்கை இழுத்த பின்னும் உள்ளே மின் தங்கியிருக்கும். கருவி வாங்க வசதியில்லாதவர்கள் அருகில் உள்ள 'மென்ஸ் ஷெட்' பட்டறையில் விசாரியுங்கள். ஓய்வுபெற்ற தச்சர்கள் அங்கே வருவார்கள். ஆங்கிலம் தடக்கினாலும் அளவு தடக்காது.

ஃபெல்தம் கதையில் மிச்சம் ஒன்று உண்டு. கிற்றார் செய்ய மகனோடு இரண்டு வருடம் மாரடித்த அதே தந்தை, மகன் விண்ணியல் ஆராய்ச்சிப் படிப்பை இடையில் விட்டுப் பாட்டுக்குப் போனபோது மனமுடைந்தார். இருவருக்கும் நெடுநாள் பேச்சுவார்த்தை நல்லாயில்லை. நியூயோர்க்கில் பெரிய அரங்கில் மகன் வாசிப்பதை நேரில் கண்ட பிறகே அவர் மனம் ஆறியது. பிறையன் மே அந்தக் கலாநிதிப் பட்டத்தை 2007 இல் முடித்தார். தந்தை அதைக் காண உயிரோடு இல்லை.

அந்த வீட்டில் கிற்றார் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், 1964 இல், சன்சிபார்ப் புரட்சிக்குத் தப்பி ஒரு பார்சிக் குடும்பம் அதே ஃபெல்தமுக்கு வந்து இறங்கியது. அந்த வீட்டுப் பிள்ளைதான் பின்னர் குயீன் குழுவில் பாடிய ஃபிரெடி மேர்க்குரி. அகதியாக வந்த வீட்டுப் பிள்ளையின் குரலும் ஏழை வீட்டுக் கராஜ் வேலை போன்ற ஒரு கிற்றாரும் சில தெருக்கள் தள்ளி ஒன்றையொன்று அறியாமல் இருந்திருக்கின்றன.

எங்கள் பிள்ளை மேடை ஏறுவான் என்று சொல்ல வரவில்லை. அவன் என்ன படிப்பான், எதை விடுவான் என்பதும் தெரியாது. அந்த நாள் வரும்போது எங்களுக்கும் அவனுக்கும் சண்டை வரலாம். வந்தாலும், மேருவிலிருந்து சேர்ந்து அளந்த சனிக்கிழமைகள் இருக்கும். பக்டரியில் ஒரு துண்டை ஆயிரம் தரம் செய்கிறோம், அது எந்த மெசினில் போய்ப் பொருந்துகிறது என்று கண்டதில்லை. இது மட்டும் முழுதாக எங்கள் கையால் முடிந்தது.

ஒன்பது மாதம் எடுத்தது. மூன்றாம் தந்தி ஐந்தாம் மெட்டில் இன்னும் கொஞ்சம் இரைகிறது. வரும் சனிக்கிழமை அந்த மெட்டை அராவ வேண்டும். அரத்தை எங்கே வைத்தோம் என்று அவன் இப்போதே தேடத் தொடங்கிவிட்டான்.