காது திறந்தால் வாய் திறக்கும்

30 ஆயிரம் சொற்களை மனப்பாடம் செய்தார் ஒருவர். கடைசியில், எதிரே ஒருவர் பேசியபோது ஒரு வாக்கியம்கூட விளங்காமல் விழித்தார்!

இது கட்டுக்கதை அல்ல. நடந்த சம்பவம்.

அவர் பெயர் பிரான்சுவா குவேன். பிரான்சு நாட்டுக்காரர். லத்தீன் மொழி ஆசிரியர். 19-ம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்.

ஜெர்மன் மொழி கற்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்காக ஜெர்மனியில் உள்ள ஹாம்பர்க் நகருக்குப் போனார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இலக்கணப் புத்தகத்தை எடுத்தார். பத்தே நாளில் புத்தகம் முழுவதும் மனப்பாடம்! 248 வினைச்சொற்களையும் உருப்போட்டுவிட்டார்.

"இனி நமக்கென்ன கவலை?" என்று கல்லூரிக்குப் போய் உட்கார்ந்தார். பேராசிரியர் பேசினார். குவேனுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.

திரும்பி வந்தார். 800 வேர்ச்சொற்களை நெட்டுருப் போட்டார். அப்போதும் பலன் இல்லை. அகராதியையே எடுத்தார். 30 ஆயிரம் சொற்கள். ஒரு மாதத்தில் முடித்தார். அப்போதும் அதே கதைதான்.

இடையிடையே ஊராரிடம் பேசிப் பார்த்தார். அவர்கள் சிரித்தார்கள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேசுவதை விட்டுவிட்டு, மறுபடியும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆலையில் கிடைத்த பாடம்

தோற்றுப்போன மனிதர் சொந்த ஊர் திரும்பினார். அங்கே ஓர் அதிசயம் காத்திருந்தது.

அவர் புறப்பட்டபோது சரியாகப் பேச வராத மருமகப் பிள்ளை, இப்போது மளமளவென்று பேசினான்! வயது சுமார் 3 தான். இலக்கணம் படிக்கவில்லை. அகராதியைத் தொட்டதும் இல்லை.

ஒரு நாள் அந்தச் சிறுவனை மாவு ஆலைக்கு அழைத்துப்போனார்கள். தானியம் கொட்டுவதைப் பார்த்தான். கல் சுற்றுவதைப் பார்த்தான். மாவு விழுவதைப் பார்த்தான். "இது என்ன? அது என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் மணலைத் தானியமாக வைத்துக்கொண்டு ஆலை விளையாட்டு ஆடினான். ஒவ்வொரு வேலையையும் செய்யும்போதே அதை வாயால் சொன்னான்.

குவேனுக்குக் கண் திறந்தது. குழந்தை சொல்லைத் தனியாகப் படிப்பதில்லை. செயலோடு சேர்த்துப் படிக்கிறது. முதலில் கேட்கிறது, பிறகு புரிந்துகொள்கிறது, அதன் பிறகே பேசுகிறது.

அதையே அவர் பாடமுறை ஆக்கினார். கதவைத் திறப்பது என்ற ஒரே செயலைப் பல சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பிரித்தார். சொல்லிக்கொண்டே செய்யும் பாடம் அது. 1880-ல் புத்தகமாகவும் எழுதினார்.

சிரிப்பு என்னும் பூட்டு

குவேன் செய்த தவறு அவரோடு போய்விட்டதா? இல்லை. உலகின் பல பள்ளிக்கூடங்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

பிரெஞ்சு வகுப்பாக இருக்கட்டும். ஸ்பானிய வகுப்பாக இருக்கட்டும். நம் ஊர் ஆங்கில வகுப்பாகவே இருக்கட்டும். கரும்பலகையில் சொற்பட்டியல். நோட்டில் அதன் பொருள். மறுநாள் ஒப்பித்தல். மாதக் கடைசியில் பரீட்சை.

மாணவன் 80 மார்க்கு வாங்குகிறான். ஆனால் அந்த மொழிக்காரர் ஒருவர் எதிரே வந்து "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் வாய் அடைத்துப்போகிறது.

இதைவிடப் பெரிய தீமை ஒன்று உண்டு. அதுதான் சிரிப்பு.

ஒரு மாணவி துணிந்து எழுந்து ஒரு வாக்கியம் சொல்கிறாள். அதில் ஒரு பிழை. வகுப்பு முழுவதும் சிரிக்கிறது. சில இடங்களில் ஆசிரியரும் சேர்ந்து சிரிக்கிறார். அன்று மூடிய வாய் அந்த வருடம் முழுவதும் திறப்பதில்லை. சிலருக்கு வாழ்நாள் முழுவதும் திறப்பதில்லை.

வளர்ந்து, படித்து, ஆசிரியராகவும் இருந்த குவேனைப் போன்றவரே சிரிப்புக்குப் பயந்து அறைக்குள் ஒளிந்தார் என்றால், 10 வயதுக் குழந்தை என்ன செய்யும்?

படம் பேசியது

வழி காட்டியவர்கள் இல்லாமல் இல்லை.

குவேனுக்கும் முன்னால், 1592-ல் பிறந்தவர் கொமீனியஸ். மொராவியா நாட்டவர். அது இன்று செக் குடியரசில் இருக்கிறது. அவர் காலத்தில் பிள்ளைகள் லத்தீன் படித்தார்கள். அடிக்குப் பயந்து படித்தார்கள்.

"பொருளைக் காட்டாமல் சொல்லை மட்டும் கொடுத்தால் பிள்ளைக்கு எப்படிப் புரியும்?" இதுதான் கொமீனியசின் கவலை. 1658-ல் நியூரம்பர்க் நகரில் ஒரு புத்தகம் வெளியிட்டார். சுமார் 150 படங்கள். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். பக்கத்தில் அதே எண்ணோடு லத்தீன் சொல்லும் ஜெர்மன் சொல்லும்.

எழுத்துக்கும் அப்படியே. காக்கை கரைவது ஓர் எழுத்து. ஆட்டுக்குட்டி கத்துவது ஓர் எழுத்து!

இன்று பள்ளிச் சுவரில் தொங்கும் படங்களுக்கும், பிள்ளைகள் கையில் இருக்கும் படப் புத்தகங்களுக்கும் அந்தப் புத்தகம் ஒரு மூத்த முன்னோர்.

நோய் செய்த நன்மை

இன்னொரு சம்பவம் அமெரிக்காவில் நடந்ததாகச் சொல்லப்படுகிறது.

ரோட் ஐலண்டு மாநிலத்தில் உள்ள பிராவிடன்ஸ் நகரில், 1878-ல் பெர்லிட்ஸ் என்பவர் மொழிப் பள்ளி தொடங்கினார். பிரெஞ்சு கற்றுக்கொடுக்க ஜோலி என்ற பிரெஞ்சுக்காரரை வேலைக்கு வைத்தார். வந்த பிறகுதான் தெரிந்தது, ஜோலிக்கு ஆங்கிலம் தெரியாது! மாணவர்களுக்கோ பிரெஞ்சு தெரியாது!

அந்த நேரம் பார்த்து பெர்லிட்ஸ் நோயில் படுத்துவிட்டார். வேறு வழி இல்லை. ஜோலி பொருள்களைக் காட்டினார், கையசைத்தார், நடித்தார், பிரெஞ்சிலேயே பேசினார்.

சில வாரங்கள் கழித்து பெர்லிட்ஸ் பயந்துகொண்டே வந்து பார்த்தார். மாணவர்கள் ஆசிரியரோடு பிரெஞ்சில் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்!

உடம்பும் படிக்கும்

1960-களில் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் ஆஷர் என்ற பேராசிரியர் மற்றொரு வழியைச் சோதித்தார்.

ஆசிரியர் புதுமொழியில் "நில்" என்பார். சொல்லும்போதே தானும் நிற்பார். மாணவர்களும் நிற்பார்கள். "நட" என்பார். நடப்பார்கள். "உட்கார்" என்றால் உட்காருவார்கள். ஆஷர் முதலில் சோதித்தது ஜப்பானிய மொழியை வைத்து.

மாணவரைப் பேசும்படி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. கேட்டால் போதும், செய்தால் போதும். பேச்சு தானாக வரும்வரை காத்திருக்கவேண்டும். வாய் திறக்கவே கூசும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ரெயில் எத்தனை மணிக்கு?

தென்னாட்டிலும் ஒரு சோதனை நடந்தது. நடத்தியவர் என்.எஸ்.பிரபு. காலம் 1979 முதல் 1984 வரை. பெங்களூர், சென்னை முதலிய இடங்களில், பள்ளிப் பிள்ளைகளின் ஆங்கில வகுப்பில் நடந்தது.

அங்கே ஆசிரியர் இலக்கண விதியோடு பாடத்தைத் தொடங்கவில்லை. ரெயில் கால அட்டவணையை முன்னே வைத்தார். எந்த ரெயில் முதலில் புறப்படும்? எது சீக்கிரம் போய்ச் சேரும்? கேள்விகள் ஆங்கிலத்தில்.

பிள்ளைகளின் மனம் முழுவதும் ரெயிலில் இருந்தது. "பிழை வந்துவிடுமோ?" என்ற பயத்துக்கு அங்கே இடம் இல்லை. ரெயிலைத் தேடிப்போன பிள்ளைக்கு வழியிலே மொழியும் கிடைத்தது.

யந்திரம் செய்யாத வேலை

"இதற்கெல்லாம் ஏன் சிரமப்படவேண்டும்? நல்ல யந்திரம் வாங்கி வைத்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு.

அமெரிக்காவின் அனுபவம் அதற்குப் பதில் சொல்லும்.

1957 அக்டோபரில் ரஷியா ஸ்புட்னிக் என்ற செயற்கைக் கோளை வானில் விட்டது. அமெரிக்கா திடுக்கிட்டது. 1958-ல் கல்விக்காகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. விஞ்ஞானத்தோடு பிறமொழிப் படிப்புக்கும் பணம் ஒதுக்கியது. ஆசிரியர் பயிற்சிக்கும் அதில் இடம் இருந்தது. ஆனால் ஊரார் கண்ணைப் பறித்தவை யந்திரங்கள்தான்.

பல பள்ளிகளில் "மொழி ஆய்வுக்கூடங்கள்" தோன்றின. மாணவர்கள் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டார்கள். நாடாவில் வந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கிளிப்பிள்ளை சொல்வது போலச் சொன்னார்கள். பொருள் இல்லாத பேச்சு சலித்துப்போயிற்று. பல கூடங்களில் யந்திரங்கள் தூசி படிந்து கிடந்தன.

1979-ல் அந்நாட்டு ஜனாதிபதி அமைத்த குழு, அமெரிக்கர்களின் பிறமொழி அறிவு வெட்கப்படத்தக்க நிலையில் இருப்பதாகவே அறிக்கை கொடுத்தது.

இன்று நாடாவின் இடத்தில் கைபேசி வந்திருக்கிறது. எந்த நாட்டுப் பேச்சையும் பாட்டையும் நொடியில் கேட்கலாம். இது பெரிய வசதி. நல்ல ஆசிரியர் கையில் அது விளக்கு. ஆசிரியர் இல்லாத இடத்தில் அது வெறும் பொம்மை.

இலக்கணம் வேண்டாமா?

வேண்டும். கட்டாயம் வேண்டும்.

ஆனால் எப்போது என்பதுதான் கேள்வி. நீந்தத் தெரிந்த பிள்ளைக்கு, கையை எப்படி வீசினால் வேகமாகப் போகலாம் என்று சொல்லிக்கொடுக்கலாம். தண்ணீரையே தொடாத பிள்ளைக்குக் கரையில் உட்காரவைத்து நீச்சல் விதிகளை ஒப்பிக்கச் சொன்னால் என்ன பயன்?

தாய்மொழியையும் வகுப்பிலிருந்து துரத்தவேண்டியதில்லை. ஒரு சொல்லை விளக்க 10 நிமிடம் நடித்தும் புரியாவிட்டால், தாய்மொழியில் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு மேலே போகலாம். அமெரிக்காவில் பிறமொழி ஆசிரியர்களின் சங்கம் 2010-ல் ஒரு யோசனை சொன்னது. வகுப்பில் 100-க்கு 90 பங்காவது புதுமொழியே ஒலிக்கவேண்டும் என்றது. மீதி 10 பங்குக்கு அதுவே இடம் விட்டிருக்கிறது!

செலவில்லாத கருவிகள்

ஆசிரியருக்கு வேண்டிய கருவிகள் வகுப்பிலேயே இருக்கின்றன.

கதவு இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது. புத்தகப் பை இருக்கிறது. மதியச் சாப்பாட்டு டப்பா இருக்கிறது. பழைய காலண்டர் படம் இருக்கிறது. பஸ் டிக்கெட்டு இருக்கிறது. மேஜையைக் கடையாக்கி, ஒரு பிள்ளையை வியாபாரியாகவும் மற்றொரு பிள்ளையை வாங்குபவராகவும் நிறுத்தினால், அரை மணி நேரப் பாடம் தயார்!

ஒரு சிறு கதை போதும். ஒரு பையன் பூனை தேடிப் போகிறான். ஆசிரியர் அதைப் புதுமொழியில் சொல்கிறார். "பையன் தேடுவது பூனையா, நாயா?" "தேடுவது பையனா, ஆசிரியரா?" என்று கேட்கிறார். ஒரே வாக்கியம் பத்து முறை காதில் விழுகிறது. ஆனால் பத்து முறையும் பிள்ளை சிரித்துக்கொண்டே கேட்கிறது. இந்தச் சிரிப்பு வாயைப் பூட்டும் சிரிப்பு அல்ல, திறக்கும் சிரிப்பு.

பிள்ளை பிழையாகச் சொன்னால் ஆசிரியர் அதையே திருத்தி, இயல்பாகத் திரும்பச் சொல்லலாம். வீட்டில் தாய் அப்படித்தானே செய்கிறாள்? "அம்மா, நான் நேத்து வருவேன்" என்று குழந்தை சொன்னால், "ஓ, நேத்து வந்தியா?" என்கிறாள். பிரம்பை எடுப்பதில்லை.

கடமை யாருக்கு?

பழி முழுவதையும் ஆசிரியர் தலையில் போடுவது நியாயம் ஆகாது. ஒரே வகுப்பில் 60 பிள்ளைகளை அடைத்துவிட்டு, "எல்லோரையும் பேசவை" என்றால் அவர் என்ன செய்வார்? பரீட்சை எழுத்தை மட்டும் அளந்தால், அவர் எழுத்தைத்தான் சொல்லிக்கொடுப்பார்.

ஆகவே அரசாங்கம் செய்யவேண்டியவை மூன்று. மொழி வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும். பரீட்சையில் கேட்பதற்கும் பேசுவதற்கும் மார்க்கு ஒதுக்கவேண்டும். யந்திரம் வாங்கும் முன் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. பிள்ளை வீட்டில் புதுமொழியில் தட்டுத் தடுமாறிப் பேசும்போது கேலி செய்யக்கூடாது. அந்த மொழி தெரியாத தாயும் உதவலாம். "இன்றைக்கு என்ன கற்றாய்? எனக்கும் சொல்லிக்கொடு" என்று கேட்டால் போதும். பிள்ளை அன்று ஆசிரியர் ஆகிவிடும். சொல்லிக்கொடுத்தது ஒருபோதும் மறக்காது.

அறைக் கதவைச் சாத்திக்கொண்ட குவேனுக்கு 30 ஆயிரம் சொற்களும் கைகொடுக்கவில்லை. கேலிக்குப் பயப்படாமல் மணலில் ஆலை கட்டிய சிறுவனுக்கு, கைப்பிடி அளவு சொற்களே போதுமாக இருந்தன.

பள்ளிக்கூடங்களில் பூட்டிக் கிடக்கும் வாய்கள் எத்தனையோ. அவற்றின் சாவி ஆசிரியரின் பொறுமையில் இருக்கிறது. பெற்றோரின் கனிவில் இருக்கிறது. அதை எடுத்துத் திறக்கவேண்டும்!