துண்டும் தொலைபேசியும்

ஹட்டன் கடைத்தெருவிலே அண்ட்ரொயிட் வகைக் கைத்தொலைபேசி ஒன்றை வாங்கிப் பெட்டியைத் திறந்தால், தேடுவதற்கும், படம் பார்ப்பதற்கும், வழி அறிவதற்கும், கடிதம் அனுப்புவதற்கும் வேண்டிய செயலிகள் நமக்கு முன்னரே அதில் குடியேறியிருக்கக் காண்கிறோம். எல்லாம் கூகுள் நிறுவனத்தாருடையவை, எல்லாம் இனாம். "இனாமாகத் தருபவர் மீது அரசாங்கம் நடவடிக்கை எடுப்பதா? இதென்ன அநியாயம்!" என்பாரும் நம்மிடையே உண்டு.

எளிதில் தள்ளிவிடத்தக்க கேள்வியன்று இது. 1998ஆம் ஆண்டிலே மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் மீது அமெரிக்க அரசாங்கம் வழக்குத் தொடுத்தபோதும் இதையே கேட்டார்கள். விண்டோஸுடன் தனது இணைய உலாவியையும் சேர்த்துக் கட்டி இனாமாக வழங்கி, நெட்ஸ்கேப் என்னும் போட்டியாளரை ஒழிக்க முயன்றது என்பது குற்றச்சாட்டு. நிறுவனத்தை இரண்டாகப் பிளக்குமாறு 2000ஆம் ஆண்டில் நீதிபதி ஜாக்சன் கட்டளையிட்டார். மறு ஆண்டு மேல் நீதிமன்றம் அக்கட்டளையை நீக்கியது. ஏகபோகத்தைக் காக்கச் சட்டத்தை மீறியது என்ற முடிவை மட்டும் நீக்கவில்லை.

வலிய வந்து கொடுக்கப்படுவதைப் பற்றி மலைநாட்டாருக்கு எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. நம் முன்னோர் கடல் கடந்து வந்த காலத்தில் கங்காணி கொடுத்த முன்பணம் முதலில் இனிக்கத்தான் இனித்தது. பின்னர் அதுவே கடனாகி நின்றது. வேறு தோட்டம் போக வேண்டுமாயின் கடன் தொகை குறித்த 'துண்டு' வேண்டும். அத்தொகையைப் புதிய தோட்டம் செலுத்தினாலன்றி விடுதலையில்லை. 1921ஆம் ஆண்டிலேதான் சட்டம் அம்முறையை ஒழித்தது. அன்றைய தொழிலாளர் பட்ட துயரையும் இன்றைய தொலைபேசியையும் ஒரே தராசில் வைப்பது தகாது. ஆயினும், வெளியேறும் வாயிலை அடைத்துவிட்டு, "விரும்பித்தானே இருக்கிறார்கள்" என்னும் வாதம் நமக்குப் பழகியதே.

இந்தியப் போட்டி ஆணைக்குழு 2022 ஒக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி இந்திய ரூபா அபராதம் விதித்தது. அந்நிறுவனத்துக்கு அது கைச்செலவு. செயலிகள் அனைத்தையும் ஏற்றாக வேண்டுமெனத் தொலைபேசி செய்வோரைக் கட்டாயப்படுத்தலாகாது, தேடுபொறியை வாங்குபவரே தெரிந்தெடுக்க இடமளிக்க வேண்டும் என்ற கட்டளைகளே பெரியவை. 2023 மார்ச்சில் மேன்முறையீட்டு நியாயசபை அபராதத்தை உறுதிசெய்து, கட்டளைகளிற் சிலவற்றை நீக்கியது.

இவ்விதக் கட்டளைகளால் தொலைபேசிகளின் விலை ஏறும் என்பது நிறுவனத்தாரின் மறுமொழி. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது சிறு விஷயமன்று. ஆகவே நிறுவனத்தைத் துண்டாடுவதை நான் ஆதரியேன். தெரிவு செய்யும் உரிமையைத் திறந்துவிடுவதை ஆதரிப்பேன்.

ஆனால் டில்லியின் கட்டளை பாக்கு நீரிணையைத் தாண்டாது. இலங்கையில் 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஏகபோகங்களை ஆராய ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. 2003இல் அதன் இடத்துக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை வந்தபோது, ஏகபோகம் பற்றிய அந்தத் தனி ஏற்பாடுகள் புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. நமது பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டிய வினாக்களுள் இதுவும் ஒன்று.