மச்சில் விதைக் கடலை: காற்றுக்கு வழி, கரண்டுக்குக் காவல்

கேள்வி: எங்களுடையது பழைய ஓட்டு வீடு. மரப்பலகை மச்சில் விதைக் கடலை மூட்டைகளை வைத்திருக்கிறோம். மேலே ஒரே புழுக்கம். கீழே உள்ள பிளக் பாயிண்டிலிருந்து வயர் இழுத்து பல்பும் ஃபேனும் போடலாமா? வண்டு வராமல் இருக்க மாத்திரை வைக்கலாமா?
– வாசகர் ஒருவர், ஆரணி

பதில்: மாத்திரை வேண்டவே வேண்டாம். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையில் காற்றின் ஈரம் பட்டால் பாஸ்பின் என்ற விஷ வாயு வெளியாகும். அது காற்றைவிடக் கனமானது. பலகை இடுக்கு வழியே கீழே தூங்குபவர்களிடம் இறங்கிவிடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. செப்பு வயரையும் அது அரிக்கும்.

அடுத்து, புழுக்கம். காயில் ஈரம் 8 முதல் 9 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று சத்தம் கேட்கும், அதுதான் பதம். ஈரக் காயை ஏற்றினால் எந்த ஃபேனும் பூசணத்தைத் தடுக்காது. மச்சின் எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் திறந்து, கால் அங்குலத்துக்கு மேல் கண் இல்லாத கம்பி வலை அடியுங்கள், எலி நுழையாது. இரண்டு கண்ணாடி ஓடுகள் பதித்தால் பகலில் விளக்கே தேவையில்லை. மூட்டைகளைக் கட்டைகள் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். இத்தனையும் செய்தால் பெரும்பாலும் ஃபேன் தேவைப்படாது.

பல்பு கட்டாயம் வேண்டுமென்றால், பிளக்கிலிருந்து வயர் இழுக்காதீர்கள். எலி கடித்த இடமும், டேப் சுற்றிய தளர்ந்த இணைப்பும் உள்ளுக்குள் சூடேறும். அப்போது கரண்ட் அளவு கூடாததால் எம்.சி.பி. விழாது. பக்கத்தில் சணல் சாக்கு இருந்தால் தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? மச்சுக்கு இறங்கும் வழியோ ஓர் ஏணிதான்.

உரிமம் பெற்ற வயர்மேனிடம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

• மெயின் போர்டிலிருந்து தனி லைன், அதற்கு 6 ஆம்பியர் எம்.சி.பி.
• 1.5 சதுர மி.மீ. ஐ.எஸ்.ஐ. செப்பு வயர், எர்த் வயருடன். எலி கடிக்காத இரும்புக் குழாய்க்குள் செல்ல வேண்டும். அந்தக் குழாய்க்கும் எர்த் கொடுக்க வேண்டும்.
• இணைப்புகள் மூடிய பெட்டிக்குள் மட்டும். மூட்டைக்கு அடியில் வயரே போகக்கூடாது.
• மூடியிட்ட எல்.இ.டி. விளக்கு, மூட்டையிலிருந்து இரண்டடி தள்ளி. குண்டு பல்பு கூடாது.
• சுவிட்ச் கீழே, ஏணியடியில்.
• வீடு முழுவதற்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உடம்பு வழியே கரண்ட் கசிந்தால் இதுதான் துண்டிக்கும். மாதம் ஒரு முறை டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

வண்டுக்கு: ஓடு உடையாத காய்களைப் பொறுக்கி, புதுச் சாக்கில் கட்டுங்கள். 15 நாளுக்கு ஒரு முறை பிரித்துப் பாருங்கள். வண்டு தெரிந்தால் அந்த மூட்டையைக் கீழே இறக்கி, காலை, மாலை வெயிலில் காய வைத்துச் சலித்து எடுங்கள். உச்சி வெயில் முளைப்புத் திறனைக் கெடுக்கும்.

ஐப்பசி மழைக்கு முன் ஓட்டு ஒழுக்கைச் சரி செய்யுங்கள். ஒழுகும் கூரையின் கீழ் எந்த வயரிங்கும் பாதுகாப்பில்லை.