பூச்சிக்குப் பேர் வெச்சா சோறு கிடைக்குமா?

போன வெள்ளிக்கிழமை (மஸ்கட்டில் லீவு நாள்) காலையிலேயே கொல்லங்கோட்டிலிருந்து அக்கா போன்.

"டேய், உன் மருமகனுக்கு பி.காம். வேண்டாமாம். விலங்கியல் படிச்சு நீளக்கொம்பு வண்டை ஆராய்ச்சி பண்ணணுமாம். பூச்சிக்குப் பேர் வெச்சா சோறு கிடைக்குமா? நீ பேங்க்ல இருக்கறவன், சொன்னாக் கேப்பான்."

சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கட்சி. புதுசா ஒரு வண்டைக் கண்டுபிடிச்சா யாருக்கு என்ன லாபம் என்று கேட்கிறார்கள். சரி, லாபக் கணக்கே பார்ப்போம். எனக்குத் தெரிந்ததும் அதுதான்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்பா நட்ட மாமரம் ஒன்று இருந்தது. பட்டையில் ஓட்டை விழுந்து, அடியில் மரத்தூள் கொட்டியது. ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கடைக்காரர் கொடுத்த மருந்தையெல்லாம் அடித்தோம். இரண்டே வருஷத்தில் மரம் பட்டுப்போனது. வெட்டிப் பார்த்தால் உள்ளே விரல் தடிமனுக்குப் புழு! பட்டோசெரா ரூஃபோமாகுலேட்டா என்ற நீளக்கொம்பு வண்டின் புழு. ஸ்வீடன்காரர் டி கீர் 1775-லேயே பேர் வைத்த வண்டு.

பேர் தெரிந்திருந்தால் மீதியும் தெரிந்திருக்கும். புழு தண்டுக்குள் இருப்பதால் இலையில் அடிக்கிற மருந்து போய்ச் சேராது. கொக்கிக் கம்பி விட்டு இழுக்க வேண்டும். இலவ மரம் பக்கத்தில் இருந்தால் வண்டுக்குக் கொண்டாட்டம். இதெல்லாம் எழுதியே இருக்கிறது. பேர் தெரியாமல் நாங்கள் காசையும் விஷத்தையும் மண்ணில் கொட்டினோம். பேரே வைக்காத வண்டு ஒன்று நாளை முதலமடை மாந்தோப்பில் இறங்கினால் எந்தப் புத்தகத்தைப் புரட்டுவீர்கள்?

"அதான் வெள்ளைக்காரன் எல்லாத்துக்கும் பேர் வெச்சுட்டானே" என்கிறார் சித்தப்பா. எங்கே வைத்தான்? இந்திய நீளக்கொம்பு வண்டுகளுக்கு கேஹன் எழுதிய புத்தகம் 1906-ல் வந்தது. இந்தக் குடும்பத்தின் ஆகப்பெரிய கிளை லாமியினே. மாமரத்தைக் கொன்ற வண்டும் அந்தக் கிளைதான். அந்த வரிசையில் லாமியினேவுக்கு ஒரு பாகம் வரவே இல்லை! 2017-ல் வந்த பட்டியலில் இந்தியாவுக்கு 1500-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அதோடு கணக்கு முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை.

பேர் வைப்பதும் குழந்தைக்குப் பேர் வைப்பது போல இல்லை. எங்கள் பேங்க்கில் ஸ்பெசிமன் சிக்னேச்சர் கார்டு இருக்கும். செக் வந்தால் அதோடு ஒப்பிடுவோம். வண்டுக்கும் அப்படித்தான். புது இனம் என்றால் ஒரு மாதிரி வண்டைக் குறித்து, சொந்தக்கார வண்டுகளோடு கொம்பு, கால், பிறப்புறுப்பு வரை ஒப்பிட்டு, விவரித்து வெளியிட வேண்டும். பிறகு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த மாதிரிதான் சாட்சி. நம் வண்டுகள் பலவற்றின் கார்டு லண்டனிலும் பாரிஸிலும் கிடக்கிறது. செக் இங்கே, கார்டு அங்கே! 2002-ன் உயிரியல் பன்மைச் சட்டம் வந்த பிறகுதான், புது இனம் கண்டால் மாதிரியை இங்குள்ள காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று ஆனது.

நம்மவர்கள் சும்மா இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. காரைக்கால் பக்கம் குரும்பகரத்தைச் சேர்ந்த சூசை நாதன் என்ற தமிழர், எங்கள் ஊருக்குப் பக்கத்து வாளையார் காட்டிலும் ஆனைமலையிலும் பூச்சி பிடித்து உலக மியூசியங்களுக்கு அனுப்பியிருக்கிறார். அவர் பேரால் 'நாதனி' என்று முடியும் பூச்சிகள் பல. பிடித்தவர் நம்மாள். உட்கார்ந்து விவரித்து எழுதியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர்கள். அது அவர்கள் குற்றமா? "சோறு கிடைக்குமா" என்று கேட்டே நம் பிள்ளைகளை எழுத விடாதது யார்?

நாமதான். சீதார்குண்டு போட்டோவைப் பார்த்து இங்கே உட்கார்ந்து உருகுவோம். அந்த மலையில் இருப்பதை எண்ணிப் பதிய ஒரு பிள்ளை கிளம்பினால், "வேலைக்காகாது" என்போம். வேலை குறைவு, சம்பளம் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். பி.காம். படித்த எல்லாருக்கும் மட்டும் வேலை காத்திருக்கிறதா?

அக்காவிடம் சொல்லிவிட்டேன்: "படிக்கட்டும். ஃபீஸ் நான் கட்டறேன்."

டிஸ்கி: அக்கா அன்றைக்கு வைத்த போன்தான், இன்னும் எடுக்கவில்லை. பையன் மட்டும் "தேங்க்ஸ் மாமா" என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறான்.