அந்த ஸ்கின் கலரைக் கொஞ்சம் குடுடி!



"ஏய், அந்த ஸ்கின் கலரைக் கொஞ்சம் குடுடி!" ஓவியப் பீரியடில் இந்தச் சத்தம் கேட்காத நாளே கிடையாது. கிரேயான் பெட்டியில் ரோசும் ஆரஞ்சும் கலந்த மாதிரி ஒரு குச்சி இருக்குமே, அதுதான். எல்லார் பெட்டியிலும் அது மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும். நம்ம வகுப்பில் 41 பேர் இருக்கிறோம். அந்தக் கலரில் யாருடைய தோல் இருக்கிறது? ஒருத்தரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

எனக்கும் இது முன்னாடி தோன்றியதில்லை. மே மாத லீவில் பக்கத்து டவுனில் 5 நாள் ஆயில் பெயிண்டிங் சொல்லிக்கொடுத்தார்கள். தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். அங்கேதான் தோன்றியது.

முதல் நாள் முழுக்கப் படமே இல்லை. ஹார்டுபோர்டுக்கு வெள்ளை அடித்துக் காயவைப்பது, பிரஷ் கழுவுவது, டியூபிலிருந்து பட்டாணி அளவு மட்டும் பிதுக்குவது, இவ்வளவுதான். வாட்டர் கலர் மாதிரி இதில் தண்ணீர் ஊற்றக் கூடாது. டர்பன்டைனும் ஆளிவிதை எண்ணெயும்தான். முதல் பூச்சுக்கு டர்பன்டைன் சேர்த்து நீர்க்கப் பூசணும். மேலே போகப் போக எண்ணெய் கூடணும். மாற்றிச் செய்தால் மேலே முதலில் காய்ந்து, அப்புறம் அடிப்பூச்சு காயும்போது மேலே வெடிப்பு விட்டுவிடுமாம். ஒரு பையன், "சார், தேங்காய் எண்ணெய் ஊத்தலாமா? வீட்லயே இருக்கு" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தோம். சார் மட்டும் சிரிக்கவில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றில் இருக்கிற ஆக்சிஜனை இழுத்துக் கெட்டியாகும், தேங்காய் எண்ணெய் அப்படி ஆகாது, உன் படம் எப்பவும் பிசுபிசுன்னுதான் இருக்கும் என்று விளக்கினார். (என் தலை மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்!)

மூன்றாம் நாள் ஆளுக்கு ஒரு கண்ணாடி கொடுத்து, "உங்க முகத்தைப் போடுங்க" என்றார். நான் பழக்கதோஷத்தில் வெள்ளையும் சிவப்பும் கலந்து, துளி மஞ்சள் சேர்த்து வைத்தேன். சார் பார்த்துவிட்டு, "யாரும்மா இது? உன் கையில ஒரு பொட்டு வெச்சுப் பாரு" என்றார். வைத்தேன். பிளாஸ்திரி ஒட்டின மாதிரி இருந்தது.

அன்றைக்கு முழுக்க என் கை நிறத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. பர்ன்ட் சியன்னா என்று செங்கல் தூள் மாதிரி ஒரு பழுப்பு, யெல்லோ ஆக்கர், அல்ட்ராமரின் நீலம். ஆமாம், நீலம்தான்! வெள்ளை ஊசிமுனை அளவு. கறுப்பு டியூபைத் தொடவே விடவில்லை. அந்தப் பழுப்பில் நீலத்தைச் சேர்த்தாலே கறுப்புக்குப் பக்கத்தில் போய்விடுகிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது. கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம் பட்ட இடம் லேசான நீலம், காது ஓரம் சிவப்பு, தாடைக்கு அடியில் கொஞ்சம் பச்சைகூடத் தெரிந்தது. என்னைக் 'கறுப்பி' என்று ஒரே வார்த்தையில் கூப்பிடுகிறவர்கள் கவனிக்கவும். 4 டியூப் கலந்தால்தான் நான் வருகிறேன்.

சார் ஒரு புத்தகத்தில் அம்ரிதா ஷெர்கில் படங்களைக் காட்டினார். 1913இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். அம்மா ஹங்கேரிக்காரர், அப்பா பஞ்சாபி. பாரிசில் ஓவியம் படித்தவர். அவர் தென்னிந்தியா வந்து பார்த்துவிட்டு, 1937இல் நம்ம பக்கத்து ஜனங்கள் சந்தைக்குப் போவதை ஆயில் பெயிண்டிங்காகப் போட்டிருக்கிறார். எல்லாரும் நல்ல கறுப்பு, பழுப்பு. எங்கள் தெருவில் நடக்கிற மாதிரியே இருந்தது. 28 வயதிலேயே இறந்துவிட்டார், பாவம். எங்கேயோ பிறந்தவர் கண்ணுக்கு நம்ம நிறம் தெரிந்திருக்கிறது! நாம் என்னடாவென்றால், கார்மேக வண்ணன் என்று பாடிவிட்டுக் காலண்டரில் கண்ணனை நீலமாக்கிவிட்டோம்.

5ஆம் வகுப்பில் நான் 'என் குடும்பம்' என்று படம் வரைந்து ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கினேன். அந்தப் படம் இன்னும் வீட்டில் பீரோ கதவில் ஒட்டியிருக்கிறது. அப்பா, அம்மா, தம்பி, நான், 4 பேருக்கும் ஸ்கின் கலர்தான். எங்கம்மா வெயிலில் களை எடுக்கிறவங்க. படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல நான் எதுடி?" என்று கேட்டாங்க. "சேலை கட்டியிருக்குல்ல, அதாம்மா நீ" என்றேன். அம்மா சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இப்ப நினைச்சா எனக்குச் சிரிப்பு வரல.

"கலர் பேருல என்ன இருக்கு? சின்னப் பசங்களுக்கு நாலு டியூப் கலக்கத் தெரியுமா?" என்று என் தோழி சண்டைக்கு வந்தாள். பேரில் இருக்கிறது. அமெரிக்காவில் கிரேயோலா கம்பெனி 'சதை' என்று பொருள் வரும் பேரை 1962லேயே எடுத்துவிட்டு, 'பீச்' என்று ஒரு பழத்தின் பேரை வைத்தது. 2020இல் 24 தோல் நிறங்களுக்குத் தனிப் பெட்டியே போட்டது. நமக்கு அதெல்லாம் வேண்டாம். 12 கலர் பெட்டியிலேயே பிரவுன் இருக்கிறது. முதலில் ஆரஞ்சை லேசாகத் தேய்த்து, மேலே பிரவுனை அழுத்தினால் போதும். ஒன்றாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கும் வரும்.

போன மாதம் இதே சுவர் இதழில் வந்த விவசாயி படத்தை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்க வயலில் நிற்கிறவர் ரோஸ் கலரில் இருந்தார்! வரைந்தவள் என் சிநேகிதிதான், கோபித்துக்கொள்ளாதேடி. ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் எங்களுக்கு ரோஸ் பவுடரை அப்பி மேடை ஏற்றாதீர்கள். முகம் ஒரு கலர், கழுத்து ஒரு கலர் என்று போட்டோவில் அசிங்கமாகத் தெரிகிறது.

ஆயில் பெயிண்டிங் காய நாளாகும். என் படத்தைப் பரண் மேல் வைத்திருந்தேன். அம்மா காயும் முன்னாடியே தொட்டுப் பார்த்து, கன்னத்தில் விரல் ரேகை பதிந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன். அடுத்து அம்மாவைத்தான் போடப் போகிறேன். யார் வீட்டிலாவது பழைய ஹார்டுபோர்டுத் துண்டு சும்மா கிடந்தால் கொடுங்கள்.

இப்படிக்கு,
9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி